கண் கொடுத்த கதையும் கண் பறித்த கதையும்

காவிரிக் கரையிலே சுவாமிமலை. அறுபது படி ஏறிச் சென்றால் தந்தைக்குப் பாடம் சொன்ன தனயனைக் காணலாம் என்பர் ஆத்திகர். அங்கே ‘கண் கொடுத்த விநாயகர்’ என்றொரு பிள்ளையாரும் உண்டு. கொங்கு நாட்டிலிருந்து வந்த பார்வையற்ற பக்தர் ஒருவர் நேத்திர புஷ்கரணியில் நீராடிக் கண் பெற்றாராம். நம்ப முடியாத கதைதான். எனினும் எவரையும் விரட்டாத கதை. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

சில கல் தொலைவில் தாராசுரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில். கருவறையின் அடித்தளத்தைச் சுற்றிப் பெரியபுராணம் சிறு சிறு கற்காட்சிகளாக நிற்கிறது. சாண் அகலக் கல்லிலே ஒரு வாழ்க்கையையே அடக்கிக் காட்டிய அந்த உளிக்கு நாம் தலை வணங்குகிறோம். 2004இல் யுனெசுகோ அதை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது, தகும்.

அந்த வரிசையிலே தண்டியடிகளும் இருக்கிறார். திருவாரூரில் பிறவிக் குருடர். தூர்ந்து கிடந்த குளத்தைத் தோண்டக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தவர். உழைப்பாளி! அம்மட்டில் அவர் நமக்கும் உறவினர்தான். மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மடியும் என்றனர் சமணர், மண்வெட்டியைப் பிடுங்கினர். அது தவறு, மறுக்கவில்லை. பிறகு நடந்ததாகச் சேக்கிழார் கூறுவது என்ன? அடிகள் குளத்தில் முழுகி எழுந்தார், கண் பெற்றார். அதே கணத்தில் சமணர் அத்தனை பேரும் கண் இழந்தனர். குருடரானவர்களை ஊரைவிட்டே துரத்தினான் சோழ மன்னன். அவர்தம் பள்ளிகளையும் இடித்தான்.

கேட்கிறோம்: ஒருவருக்குக் கண் கொடுக்க ஊராரின் கண்ணைப் பறிக்க வேண்டுமா? அருளின் கருவூலத்தில் இரண்டு கண்ணுக்குமா பஞ்சம்? சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர் சமணர். நன்னூல் தந்த பவணந்தி சமணர். அந்த மரபினரைக் குருடராக்கி விரட்டியதை வெற்றியென்று பாடினால், அது நோய் தீர்த்த கதையா, பகை தீர்த்த கதையா?

நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயன்று இது. 15ஆம் நூற்றாண்டில், பிளாரன்சு நகரத்து சான் மார்க்கோ மடத்தின் பலிபீடத்துக்கு ஃப்ரா ஆஞ்செலிகோ தீட்டிய ஓவியங்களில் ஒன்று: கோசுமாசு, தமியான் என்னும் இரு புனிதர்கள், உறங்கும் யுசுத்தினியன் என்பவனுக்கு அழுகிய காலை நீக்கி வேறு காலைப் பொருத்துகிறார்கள். உடல் வெள்ளை, கால் கறுப்பு! இறந்துபோன எத்தியோப்பியன் ஒருவனின் கால் அது என்கிறது கதை. அவனை யார் கேட்டார்கள்? அங்கும் ஒருவனுடைய நலம் இன்னொருவனுடைய இழப்பு. வண்ணம் அழகு, வழக்கு அநீதி.

மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால் கண்புரையை அகற்றினார். அவர் ஆத்திகர்தாம், மறைக்கவில்லை. ஆனால் நோயாளியைக் குளத்தில் முழுகச் சொல்லவில்லை, கத்தியை எடுத்தார். எவர் கண்ணும் அதனால் அவியவில்லை. இறந்தபின் கண்ணைத் தருவோரும் இன்று ஒப்புதல் எழுதித் தருகிறார்கள். எத்தியோப்பியனுக்குக் கிட்டாத மரியாதை அது.

“கலையைக் கலையாகப் பாருங்கள், கதையைக் கிளறாதீர்கள்” என்பர் பழைமை விரும்பிகள். கதையைச் சொல்லவே செதுக்கிய கல்லாயிற்றே ஐயா! தாராசுரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறோம். கண் பெற்றவரைக் காட்டியதும் நகர்ந்துவிட வேண்டாம். அன்று கண் இழந்தவர்கள் யார், அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது யார் என்பதையும் அந்தக் கல்லின் முன்னாலேயே சொல்லுங்கள்.