மேரி கோம் 48 கிலோவிலேயே இருந்திருக்கணுமா? வேலை மாறப் போற உங்களுக்கான கேள்வி இது



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற இளைஞர்கள் அதிகமா கேட்கிற கேள்வி இது: "இருக்கிற கம்பெனியில நல்ல பேரு இருக்கு. வெளியே மாசம் 10,000 ரூபாய் அதிகமா தர்றேன்னு சொல்றாங்க. போகலாமா, வேண்டாமா?"

இதே கேள்வி ஒரு உலக சாம்பியனுக்கும் வந்தது. அவங்க எடுத்த முடிவு சரியா தப்பான்னு விளையாட்டு ரசிகர்கள் இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. என் கருத்தை இங்கே சொல்றேன்.

கதை இதுதான்

மேரி கோம் 2002-ல் 45 கிலோ எடைப்பிரிவில் உலகத் தங்கம் வாங்கினாங்க. 2005, 2006, 2008 மூணு தடவையும் 46 கிலோவில் தங்கம். 2010-ல் 48 கிலோவில் தங்கம். மொத்தம் 5 உலகப் பட்டம். சின்ன எடைப்பிரிவில் அவங்கதான் ராணி.

அதுக்கப்புறம் 51 கிலோவுக்கு ஏறினாங்க. 3 கிலோதானேன்னு தோணும். ஆனா 48 கிலோ உடம்புக்கு அது 6 சதவீதத்துக்கும் மேல. அங்கே எதிரே நிற்கிறவங்க உயரமானவங்க, கை நீளமானவங்க. மேலிருந்து எடை குறைச்சு வந்தவங்களும் உண்டு. லண்டன் ஒலிம்பிக்கில் மேரி கோமோட முதல் எதிராளி போலந்தின் கரோலினா மிகல்சுக், 2008-ல் 54 கிலோவில் உலக சாம்பியன்.

ஏறினதுக்கு விலையும் கொடுத்தாங்க. 2012 உலகப் போட்டியில் காலிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ்கிட்ட தோல்வி. லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடியும் அதே ஆடம்ஸ்கிட்ட 6-11 தோல்வி, வெண்கலம்தான். ரியோ 2016-க்குத் தகுதியே கிடைக்கலை. 2010-க்கு அப்புறம் அடுத்த உலகத் தங்கம் 2018-ல்தான் வந்தது. அதுவும் எந்த எடையில்? பழைய 48 கிலோவில்!

"பார்த்தீங்களா, 48-லேயே இருந்திருந்தா இன்னும் நாலு தங்கம் அடிச்சிருப்பாங்க"ன்னு சொல்றவங்க காட்டுற கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி

ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முதலா வந்ததே லண்டன் 2012-ல்தான். அதில் இருந்தது மூணே மூணு எடைப்பிரிவு: 51, 60, 75. 48 கிலோ கிடையவே கிடையாது.

அதாவது 48-ல் இருந்தா எத்தனை உலகப் பட்டம் வேணும்னாலும் ஜெயிக்கலாம், ஒலிம்பிக் வளையத்துக்குள்ள கால் வைக்க முடியாது. அப்போ அவங்களுக்கு வயசு 29. அடுத்த ஒலிம்பிக் வரைக்கும் காத்திருந்து பார்க்கிற வயசு இல்ல.

அதனால என் பதில்: ஏறினது சரி. மேலே போனா "பெரிய ஆளு"ன்னு பேரு வரும்கிறதுக்காக அவங்க போகலை. கீழே இல்லாத ஒரு பதக்கம் மேலே இருந்தது. அந்த ஒரே காரணம் போதும்.

உங்களுக்கான முதல் கேள்வியும் இதுதான். புது வேலையில் இருக்கிற, இப்போ இருக்கிற வேலையில் எப்பவுமே கிடைக்காத விஷயம் என்ன?

"10,000 ரூபாய்"னு உடனே சொல்லாதீங்க. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். இப்போ கையில வர்றது 24,000. கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம். புது வேலை சென்னைக்குள்ள, கையில வர்றது 34,000. தனி பி.ஜி.க்கு வாடகை கூடுதலா 5,000, சாப்பாட்டுக்கு 3,000, போக்குவரத்துக்கு 1,500. மொத்தம் 9,500 போச்சு. மிச்சம் 500 ரூபாய். ஊருக்கு அனுப்புற பணம் ஒரு பைசா கூடலை.

இன்னொண்ணு, கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியர் வேலையை விடும்போது அது கிடைக்க பொதுவா 5 வருஷ சர்வீஸ் வேணும். பேசிக் 15,000 இருந்தா, 5 வருஷத்துக்கு சுமார் 43,000 ரூபாய் வரும். நாலரை வருஷத்தில் பேப்பர் போட்டா அது கைநழுவிப் போகும். கிளம்புற தேதியை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஆஃபர் லெட்டர்ல சேர்ற தேதியை மட்டும் பார்க்காம, நீங்க இப்போ இருக்கிற இடத்தில் சேர்ந்த தேதியையும் பாருங்க.

சரி, 500 ரூபாய்தான் மிச்சம்னா போகக் கூடாதா? அப்படியும் இல்ல. லைன்ல ஒரே ஸ்டேஷன்ல நிக்கிற வேலையை விட்டு, ரோபோ புரோகிராமிங்கோ குவாலிட்டி ஆடிட்டோ கத்துக்கிற வேலை கிடைச்சா, அந்த 500-க்கே கூட போகலாம். அதுதான் உங்க ஒலிம்பிக். அதே வேலை, அதே பதவி, வேற ஐ.டி. கார்டுன்னா, நீங்க சும்மா எடை மட்டும்தான் கூட்டுறீங்க.

100 கிராம் பாடம்

இப்போ எதிர்ப்பக்கம் பார்ப்போம். குத்துச்சண்டை இல்ல, மல்யுத்தம். ஆனா பிரச்சினை அதே எடைதான்.

வினேஷ் போகத் வழக்கமா ஆடின பிரிவு 53 கிலோ. பாரிஸ் 2024-க்கு அந்தப் பிரிவின் இடத்தை அந்திம் பங்கால் பிடிச்சுட்டாங்க. வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கினாங்க. ஆகஸ்ட் 6-ம் தேதி ஒரே நாளில் மூணு போட்டி ஜெயிச்சு இறுதிச்சுற்றுக்கு வந்தாங்க. அதில் ஒண்ணு, நடப்பு ஒலிம்பிக் சாம்பியனான ஜப்பானின் யுயி சுசாகிக்கு எதிரா. மறுநாள் காலை எடை பார்த்தப்போ 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம். முந்தின நாள் ஜெயிச்சதுக்கான வெள்ளிகூட கிடைக்கலை.

அவங்க திறமையில் குறையே இல்ல. அந்த எடையில் அவங்களுக்கு இடைவெளி இல்ல, அவ்வளவுதான்.

சம்பளத்தில் இதுக்கு பேரு என்ன தெரியுமா? மாசக் கடைசியில் 800 ரூபாய் மிச்சம் வெச்சுக்கிட்டு மூணு இ.எம்.ஐ. ஓட்டுறது. பைக், போன், பர்சனல் லோன். எல்லாம் சரியா நடக்கும், சம்பளம் ஒழுங்கா வர்ற வரைக்கும். ஒரு மாசம் ஓ.டி. கட் ஆனா, சம்பளம் மூணு நாள் தள்ளிப்போனா, இ.எம்.ஐ. பவுன்ஸ். அபராதம், சிபில் ஸ்கோர்ல அடி. தவறினது 100 கிராம்தான், தண்டனை முழுசா.

அதனால ரெண்டாவது கேள்வி: ஏறின அப்புறம் உங்ககிட்ட எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கும்? என் யோசனை ரொம்ப சிம்பிள். புது வேலையில் முதல் 6 மாசத்துக்குப் புது இ.எம்.ஐ. எதுவும் வேண்டாம். ப்ரோபேஷன் முடியட்டும், வேலை கன்ஃபர்ம் ஆகட்டும். மூணு மாசச் செலவு தனி அக்கவுண்ட்ல சேர்ந்ததும் பைக்கைப் பத்தி யோசிங்க.

"அப்போ இருக்கிற இடத்திலேயே இருந்தா சேஃப்தானே?"

இதுக்கு லவ்லினா போர்கோஹெய்னைக் கேட்கணும். டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் வாங்கினாங்க. பாரிஸ் பட்டியல் வந்தப்போ 69 கிலோ பிரிவையே காணோம். 66-க்கு இறங்கணும், இல்ல 75-க்கு ஏறணும். ஏறினாங்க. 2023-ல் டெல்லியில் 75 கிலோவில் உலகத் தங்கம். பாரிஸில் காலிறுதியோட நின்னது வேற விஷயம். "69-லேயே இருக்கேன்"னு சொல்ல அவங்களுக்கு வழியே இல்ல.

நம்ம பகுதிக்கு இது புதுசு இல்ல. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தினது. அங்கே நல்லா வேலை செஞ்சவங்களும் வெளியே வரத்தான் வேண்டியிருந்தது. "இருக்கிற இடத்தில் இருக்கலாம்"கிறதும் ஒரு ரிஸ்க்தான், அதுக்கு மாசா மாசம் பில் வராததால நமக்குத் தெரியறதில்லை.

திரும்பி வர வழி இருக்கா?

மேரி கோம் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி 2018. 51-ல் பல வருஷம் போராடிட்டு 48-க்குத் திரும்பினவங்க, அந்த வருஷம் காமன்வெல்த் தங்கம், உலகத் தங்கம் ரெண்டும் வாங்கினாங்க. "நான் ஒலிம்பிக் மெடலிஸ்ட், திரும்ப கீழே போறதா?"ன்னு கௌரவம் பார்க்கலை. உடம்பும் அதுக்கு ஒத்துழைச்சது.

உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கணும்னா மூணு விஷயம் செய்யுங்க. நோட்டீஸ் பீரியடை முழுசா முடிச்சு ரிலீவிங் லெட்டர் வாங்குங்க. பி.எஃப். பணத்தை எடுக்காம அதே யு.ஏ.என்.ல புது கம்பெனிக்கு மாத்துங்க. பழைய சூப்பர்வைசர்கிட்ட சண்டை போடாம, கை குலுக்கிட்டு வெளியே வாங்க. நாளைக்கு ஆள் எடுக்கும்போது அவர் உங்க பேரைச் சொல்லலாம்.

திரும்பி வர முடியாத அளவுக்கு செலவை ஏத்திக்கிட்டவங்களுக்கு, பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது. 34,000 வாங்கிக்கிட்டு 24,000-க்குத் திரும்ப முடியாம மாட்டிக்கிறவங்க நிறைய பேர். அவங்களைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அந்த வேலை இல்ல, இ.எம்.ஐ.

ஆஃபர் லெட்டர் கையில இருந்தா இன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து மூணு பதில் எழுதுங்க: அங்கே மட்டும் கிடைக்கிறது என்ன, மாசக் கடைசியில் மிச்சம் எவ்வளவு, ஒத்துவரலைன்னா திரும்பி வர என்ன வழி. மூணுக்கும் பதில் இருந்தா தைரியமா ஏறுங்க. முதல் கேள்விக்கு பதில் "சம்பளம்"னு மட்டும் வந்தா, ஹெச்.ஆர்.கிட்ட ரெண்டு நாள் டைம் கேளுங்க. தப்பில்லை.