சார்லி பிரவுன் ஜெயித்தது சரியா?

படித்து ரசித்த காமிக்ஸ் ஒன்று அனிமேஷன் படமாக வந்தால், பழைய வாசகர்கள் முதலில் சொல்வது "புத்தகத்தில் இருந்த மாதிரி இல்லை" என்பதுதான். அடுத்து பழி விழுவது கம்ப்யூட்டர் மீது. "கிராபிக்ஸ் வந்தது, உயிர் போய்விட்டது" என்று முடித்துவிடுவார்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

காமிக்ஸ் பாத்திரங்கள் திரைக்கு வரும்போது மாறுவது உண்மை. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே வகை அல்ல. சில மாற்றங்கள் காகிதத்திலிருந்து திரைக்குப் போவதால் தானாக வருபவை. சில, தொழில்நுட்பத்தால் வருபவை. இன்னும் சில, கதை எழுதுபவர்கள் வேண்டுமென்றே செய்பவை. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யாரைக் குறை சொல்வது என்று தெரியும். இதற்கு நல்ல உதாரணம் 'பீனட்ஸ்'.

ஸ்னூப்பி என்ற வெள்ளை நாயைப் பென்சில் பாக்ஸிலும் ஸ்கூல் பையிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நாய் வாழும் காமிக்ஸ்தான் பீனட்ஸ். அமெரிக்காவின் சார்லஸ் ஷூல்ஸ், 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை 17,897 ஸ்டிரிப்களை உதவியாளர் யாரும் இல்லாமல் தானே வரைந்தார். கடைசி ஸ்டிரிப் வெளியாவதற்கு முந்தைய நாள் அவர் இறந்துபோனார்.

இதன் நாயகன் சார்லி பிரவுன். இந்தப் பையனுக்கு எதுவுமே கைகூடாது. பட்டம் விட்டால் மரத்தில் மாட்டிக்கொள்ளும். இவன் கேப்டனாக இருக்கும் பேஸ்பால் டீம் தோற்றுக்கொண்டே இருக்கும். இவன் உதைக்க ஓடிவரும் நேரத்தில் லூசி என்ற சிறுமி பந்தை இழுத்துக்கொள்வாள். இவன் மல்லாக்க விழுவான். அடுத்த வருடமும் அவளை நம்பி ஓடிவருவான். செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி மீது இவனுக்கு ஆசை. 1961ல் முதன்முதலாகக் குறிப்பிடப்பட்ட அந்தச் சிறுமியின் முகத்தை ஷூல்ஸ் தன் காமிக்ஸில் ஒருமுறைகூடக் காட்டவில்லை.

நாய் பேச்சை இழந்தது

முதல் வகை மாற்றத்தைப் பார்ப்போம். காமிக்ஸில் ஸ்னூப்பி வாய் திறந்து பேசாது. ஆனால் அது நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் பலூனில் எழுத்தாக வரும். கூரை மேல் உட்கார்ந்து நாவல் டைப் செய்யும். மனிதர்களைக் கிண்டல் செய்யும். கொஞ்சம் கர்வம் பிடித்த நாய்.

1965 டிசம்பரில் முதல் டி.வி. கிறிஸ்துமஸ் படம் வந்தபோது இதற்கு ஒரு சிக்கல் எழுந்தது. காகிதத்தில் நினைப்பை எழுதிக் காட்டலாம். திரையில் அதையே குரலாகக் கொடுத்தால் பேசும் நாயாகிவிடும். எனவே டைரக்டர் பில் மெலண்டெஸ், தானே சில ஓசைகளை எழுப்பி, அவற்றை வேகப்படுத்தி ஸ்னூப்பியின் குரலாக வைத்தார். 1980களில் வந்த சில பாட்டுப் படங்களைத் தவிர, திரையில் ஸ்னூப்பியின் நினைப்பை நாம் கேட்பதில்லை. விளைவு, காமிக்ஸில் எழுத்தாளனாக இருந்த நாய் திரையில் நடனக்காரனாகவும் சேட்டைக்காரனாகவும் ஆகிவிட்டது. குழந்தைகளுக்கு இன்னும் பிடித்தது. ஆனால் அதன் கூர்மையான நாக்கு போய்விட்டது.

டின்டின் காமிக்ஸிலும் இதே கதைதான். அதில் ஸ்னோயி என்ற நாய் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வரும். 2011ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் அது வெறுமனே புத்திசாலி நாய். இதற்கெல்லாம் யாரையும் குறை சொல்ல முடியாது. பலூனில் எழுதிக் காட்டும் வசதி திரைக்கு இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் என்ன செய்தது?

இரண்டாவது வகைக்கு வருவோம். 2015 நவம்பரில் அமெரிக்காவில் 'தி பீனட்ஸ் மூவி' வெளியானது. ஸ்டீவ் மார்ட்டினோ டைரக்ட் செய்தார். தயாரித்த புளூ ஸ்கை ஸ்டூடியோஸ் 2021ல் மூடப்பட்டுவிட்டது. முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் உருவான 3டி படம் இது. பென்சில் கோட்டில் வாழ்ந்த பையன் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடுவானோ என்று ரசிகர்கள் பயந்தார்கள்.

பயம் நியாயமானது. ஷூல்ஸ் வரைந்த தலையை எல்லாக் கோணத்திலிருந்தும் பார்க்க முடியாது. நேராக ஒரு முகம், பக்கவாட்டில் வேறொரு முகம். இரண்டும் ஒரே உருண்டையில் பொருந்தாது. 3டி மாடலை இப்படியும் அப்படியும் திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். புளூ ஸ்கை குழு என்ன செய்தது தெரியுமா? தலையை வழவழவென்று திருப்பாமல், ஒரு கோணத்திலிருந்து அடுத்த கோணத்துக்குச் சட்டென்று தாவ வைத்தது. கண், புருவம், வாய் ஆகியவற்றைப் பேனாக் கோடு போலவே வைத்தது.

அசைவிலும் சிக்கனம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். 3டி படங்களில் பொதுவாக 24லும் பாத்திரம் நகரும். இந்தப் படத்தில் ஒரு நிலையை இரண்டு பிரேம்களுக்கு அப்படியே நிறுத்தினார்கள். அதாவது விநாடிக்கு 12 நிலைகள். கையால் வரைந்த பழைய கார்ட்டூன்களில் இருந்த அதே துள்ளல் இதனால் கிடைத்தது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். படத்தின் டிவிடி இருந்தால் வி.எல்.சி. மீடியா பிளேயரில் ஓடவிட்டு, ஒரு காட்சியில் நிறுத்துங்கள். கீபோர்டில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை ஒவ்வொரு முறை தட்டும்போதும் படம் ஒரு பிரேம் மட்டும் நகரும். பாத்திரங்கள் நின்று நின்று நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

ஆக, இங்கே கம்ப்யூட்டர் எதையும் கெடுக்கவில்லை. அதனால் செய்ய முடிந்ததில் பாதியைச் செய்யாதே என்று கட்டளையிட்டார்கள், அது கேட்டுக்கொண்டது. செத்துப்போன மெலண்டெஸின் பழைய ஒலிப்பதிவுகளையே எடுத்து ஸ்னூப்பிக்குக் குரலாக்கினார்கள். தோற்றத்தில் இவ்வளவு விசுவாசமான படம் அபூர்வம்.

மாற்றம் நடந்தது கதையில்

அப்படியானால் குறை எங்கே? மூன்றாவது வகையில். அந்தப் படத்தில் செம்பட்டை முடிச் சிறுமி முகத்தோடு வருகிறாள், பேசுகிறாள். கடைசியில் சார்லி பிரவுனைத் தன் பேனா நண்பனாகத் தேர்ந்தெடுத்து, அவனுடைய நேர்மையையும் கருணையையும் பாராட்டுகிறாள். அவனுடைய பட்டம்கூடப் பறக்கிறது. மற்ற பிள்ளைகள் அவனைக் கொண்டாடுகிறார்கள்.

படத்துக்குக் கதை எழுதியவர்களில் ஷூல்ஸின் மகனும் பேரனும் உண்டு. 1977லேயே ஒரு டி.வி. படத்தில் அந்தச் சிறுமிக்கு முகமும் பெயரும் கொடுத்தாகிவிட்டது. ஓய்வை அறிவித்த பின் ஒரு பேட்டியில் ஷூல்ஸே, பாவம் அந்தப் பையன் கடைசிவரை பந்தை உதைக்கவில்லையே என்று கலங்கியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் குழந்தையைத் தோல்வியோடு வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஸ்டிரிப்புக்கு நாளை என்று ஒன்று உண்டு. சினிமாவுக்கு முடிவு வேண்டும்.

இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், அந்த முடிவு தவறு.

எங்கள் தொழிலில் பழைய சாப்ட்வேர் ஒன்றைப் புதிதாக மாற்றி எழுதும் வேலை அடிக்கடி வரும். பழைய புரோகிராமில் விநோதமாக ஏதாவது இருக்கும். 'இது பிழை' என்று நினைத்துத் திருத்தினால், மறுநாள் வேறு நான்கு இடங்களில் வேலை நின்றுபோகும். அந்த விநோதத்தை நம்பித்தான் மற்றவை ஓடிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரியும். சார்லி பிரவுனின் தோல்வியும் அப்படிப்பட்டது. தோற்றும் மறுநாள் மைதானத்துக்கு வருகிறானே, அதுதான் அவன். ஜெயிப்பான் என்பதால் யாரும் அவனை நேசிக்கவில்லை.

படத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. பரீட்சையில் முழு மார்க் வாங்கியதாகப் பள்ளியே அவனைக் கொண்டாடும்போது, விடைத்தாள் மாறிவிட்டதைக் கண்டுபிடித்து, எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த இடத்தில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. ஷூல்ஸின் சார்லி பிரவுன் முழுசாகத் தெரிவது அங்கேதான். பிறகு சிறுமி வந்து அதற்குக் கூலி கொடுக்கும்போது, நல்லவனாக இருந்தால் பலன் நிச்சயம் என்ற சாதாரணக் கதையாக அது சுருங்கிவிடுகிறது. பலன் கிடைக்காத பிள்ளைகளுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

கம்ப்யூட்டர் கேம்ஸில் ஒவ்வொரு லெவல் முடிந்ததும் கைதட்டலும் நட்சத்திரமும் கேட்டுப் பழகிய தலைமுறை இது. கைதட்டல் இல்லாத நாளும் ஒரு நாள்தான், அன்றும் நேர்மையாக இருக்கலாம் என்று சொன்ன அபூர்வமான காமிக்ஸ் பீனட்ஸ். 1999ல் வந்த கடைசிப் பந்துக் காட்சியில் லூசி தன் தம்பியிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவன் பந்தை இழுத்தானா இல்லையா என்பதை ஷூல்ஸ் சொல்லவே இல்லை. காகிதத்தில் அவர் வேண்டுமென்றே விட்ட வெற்றிடம் அது.

படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், நல்ல படம்தான். 2004 முதல் 2016 வரை முழு பீனட்ஸும் ஆங்கிலத்தில் தொகுதிகளாக வெளிவந்திருக்கிறது. அதில் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை ஏதாவது காமிக்ஸ் படமாகும்போது கிராபிக்ஸ் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பாத்திரம் எதற்காகப் பிடித்திருந்ததோ அது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அதை முடிவு செய்வது எந்தக் கம்ப்யூட்டரும் அல்ல, கதை எழுதுபவர்கள்தான்.