வெனிஸ் நகரின் அமைதி யாருக்குரியது?

பதுவை நகரில் கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டு வணங்கிவிட்டுத் தாயகம் திரும்பிய ஒரு குடும்பத்தாரை அண்மையில் சந்தித்தேன். பதுவையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெனிசுக்கும் அவர்களை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட நேரம் மூன்று மணி. புனித மாற்கு பேராலயத்தின் முகப்பு, ரியால்ட்டோ பாலம், பெருமூச்சுப் பாலம் ஆகியவற்றின் முன் எடுத்த படங்களைக் காட்டினார்கள். எல்லாப் படங்களிலும் அந்நியரின் தலைகளே மிகுதி. “தேர்த் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்தது, எதையும் நிறைவாகக் காணவில்லை” என்று வருந்தினார் குடும்பத் தலைவர். அவருடைய மகனோ, “அங்கெல்லாம் போனதே தவறு. கூட்டம் அறியாத மூலைகள் அந்நகரில் எத்தனையோ உண்டு. அடுத்த முறை அவற்றையே தேடிப் போக வேண்டும்” என்றான். வீட்டார் அனைவரும் அதை ஆமோதித்தனர். என்னால்தான் இயலவில்லை.

மூன்று மணி நேரத்தில் ஒரு நகரை விழுங்கிவிட்டு ஓடும் பயணத்தை நான் ஆதரிக்கவில்லை. அதன் கேடு ஊரறிந்தது. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அச்சிறு நகருக்கு வருவதாக மதிப்பிடுகிறார்கள். நகராட்சியும் கைகட்டி நிற்கவில்லை. பெருங்கப்பல்கள் 2021 ஆகஸ்டு முதல் நகரின் நடுக்கால்வாய்களில் நுழைவது தடுக்கப்பட்டது. 2024-இல், பகலில் வந்து பகலிலேயே திரும்புவோரிடம் குறிப்பிட்ட 29 நாள்களில் ஐந்து யூரோ நுழைவுக்கட்டணம் பெறப்பட்டது. 2025-இல் அந்நாள்கள் 54 ஆயின. வழிகாட்டியோடு செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் இருத்தலாகாது, ஒலிபெருக்கி கூடாது என்ற விதிகளும் 2024-இல் நடைமுறைக்கு வந்தன. கூட்டத்தின் கேட்டைக் கூட்டமே ஒப்புக்கொள்ளும் காலம் இது. ஆகவே என் வழக்கு அந்தத் தந்தையோடு அன்று. அறிவாளித்தனமாகத் தோன்றும் அந்த மகனின் கருத்தோடுதான்.

கூட்டமில்லாத மூலையைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மூலை ஏன் அமைதியாக இருக்கிறது? 1951-இல் வெனிசின் பழைய நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கியது. ரியால்ட்டோவுக்கு அருகே ஒரு மருந்துக்கடையின் சாளரத்தில், எஞ்சியிருக்கும் குடிமக்களின் தொகையைக் காட்டும் மின்பலகையை 2008-இல் வைத்தார்கள். நோயாளியின் நாடித்துடிப்பைப்போல் அது ஆண்டுதோறும் இறங்கி வந்திருக்கிறது. 2023-இல் பயணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரின் எண்ணிக்கையையே விஞ்சிவிட்டன என்று அங்குள்ள குடிமக்கள் கணக்கிட்டு அறிவித்தனர். வேலை வாய்ப்புக் குறைந்ததும் பழைய வீடுகளைப் பேணும் செலவு கூடியதும் இதற்குக் காரணங்களே. ஆயினும், குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிக்கு நாள்வாடகைக்கு விடுவது இலாபம் என்று கண்டபின், எஞ்சியவர்களும் கரையேறத் தொடங்கினர்.

அப்படியானால், மாலை வேளையில் ஒரு கால்வாயோரத்தில் நாம் சுவைத்து மகிழும் அமைதி, சில இடங்களில், மூடிய சன்னல்களின் அமைதி. அடுக்களையில் பாத்திரம் உருட்டிய ஓசையும், முற்றத்தில் பந்து விளையாடிய சிறுவரின் கூச்சலும் அகன்றபின் வந்த அமைதி. எஞ்சிய வீடுகளின் அமைதியோ, பகலெல்லாம் உழைத்தவர் கதவைச் சாத்திக்கொண்டு இளைப்பாறும் அமைதி. முன்னதை அழகு என்று இரசிப்பவர் ஓர் இழப்பை இரசிக்கிறார். பின்னதைத் தம் கண்டுபிடிப்பு என்று உலகுக்கு அறிவிப்பவர், அந்த வீட்டாரின் கடைசித் திண்ணையையும் பறிக்கிறார். ஒருவர் கைப்பேசியில் பதிந்து பரப்பிய ‘மறைவான மூலை’க்கு அடுத்த கோடையில் ஆயிரம் பேர் வருவர். கூட்டத்தை வெறுத்து ஓடியவரே கூட்டத்துக்குக் கட்டியக்காரர் ஆகிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதனினும் கடுமையானது. மூலைகளை வேட்டையாடுபவர், தாம் நிற்கும் இடம் எது என்பதை அறிவதே இல்லை. அமைதி கிடைத்ததும் அவருக்குப் போதும்.

நகரின் வடபகுதியாகிய கன்னாரேஜியோவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. மரங்களும் இருக்கைகளும் உண்டு. புனித மாற்கு சதுக்கத்தின் ஆரவாரம் அங்கில்லை. 1516-ஆம் ஆண்டு மார்ச் 29-இல் வெனிஸ் அரசு யூத மக்களை ஒதுக்கி அடைத்த இடம் அது. உலக மொழிகளில் எல்லாம் ‘கெட்டோ’ என்று வழங்கும் சொல் அங்கேதான் பிறந்தது. இரவில் வாயில்களைப் பூட்டினார்கள். காவலரின் கூலியையும் பூட்டப்பட்டவர்களிடமே பெற்றார்கள். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன; தாழ்ந்த கூரையுடைய மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1797-இல் நெப்போலியனின் படை வந்தபோதுதான் அக்கதவுகள் வீழ்ந்தன. 1943, 1944 ஆண்டுகளில் அந்நகரத்து யூதர் இருநூறு பேருக்கும் மேல் நாடு கடத்தப்பட்டனர். திரும்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பூட்டியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அச்சதுக்கத்தின் இருக்கையில் அமர்ந்து, “ஆகா, என்ன அமைதி!” என்று ஒரு கத்தோலிக்கர் சொல்வாரானால், அவர் கண்டது என்ன?

இன்னொரு மூலைக்கு வருவோம். கர்மேல் அன்னை ஆலயத்துக்கு அருகே, ஒரு சிறு கால்வாயின் கரையில் சேனோபியோ மாளிகை நிற்கிறது. அங்கே நெடுங்காலம் ஆர்மீனியச் சிறுவருக்கான கல்லூரி ஒன்று நடந்தது. 1836-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு மூலதனம் நம் சென்னையிலிருந்து சென்றது! சென்னையில் வணிகம் செய்து பொருளீட்டிய மூராட், இரபேல் என்னும் இரு ஆர்மீனியர் எழுதிவைத்த சொத்தே அது. 1717 முதல் வெனிசின் கடற்கழியில் புனித இலாசர் தீவில் வாழும் ஆர்மீனியத் துறவியர் அக்கொடையைப் பெற்று நடத்தினர். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரை நாடிச் சென்னை அரண்மனைக்காரன் தெருவுக்குச் செல்லும் நம்மவருள் எத்தனை பேர், அது ‘ஆர்மீனியன் தெரு’ என்பதன் திரிபு என்று அறிவர்? அந்த ஒரு செய்தியை அறிந்து சென்றவருக்கு அம்மாளிகையின் வெளிச்சுவரே பேசும். அறியாமல் சென்றவருக்கு அது படமெடுக்க வாய்த்த ஒரு பழஞ்சுவர்.

“நீரும் மூலைகளின் பெயரைச் சொல்கிறீரே?” என்று அந்த இளைஞன் மடக்கக்கூடும். சொல்கிறேன், ஏனெனில் இவை எவரும் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியங்கள் அல்ல. கஸ்தெல்லோ பகுதியில், திராட்சைத் தோட்டத்துப் புனித பிரான்சிஸ் ஆலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பிரான்சிஸ்கன் துறவியர் வாழும் இடம். பெயருக்கேற்ப இன்றும் அங்கே திராட்சைக்கொடி படர்கிறது. புனித மாற்குவுக்கு வானதூதர் தோன்றி வாழ்த்தியது அங்கேதான் என்பது நகரத்தாரின் மரபு. பல்லாயிரவர் மொய்க்கும் பேராலயத்தின் கதை, பலர் எட்டிப் பாராத அந்தத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஆனால், அங்கே மாலை மன்றாட்டுக்கு வரும் மூதாட்டியை அது ‘மறைவான இடமா’ என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது தம் ஆலயம்; அவ்வளவே.

கூட்டத்தை இகழும் மனநிலையிலும் ஒரு செருக்கு ஒளிந்திருக்கிறது. சீடரோடு தனிமையான இடத்தை நாடி ஆண்டவர் படகேறிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். கூட்டமோ கால்நடையாக முந்திச் சென்று கரையில் காத்திருந்தது. அவர் படகை வேறு மூலைக்குத் திருப்பச் சொல்லவில்லை, இறங்கினார், இரங்கினார். புனித மாற்கு சதுக்கத்தில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில், வாழ்நாளில் ஒருமுறை செல்வதற்காகச் சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் இருக்கிறார்கள். “அவர்களைப்போல் நான் அல்லேன்” என்ற எண்ணத்தோடு சந்துக்குள் திரும்புகிறவர், ஆலயத்தில் முன்வரிசையில் நின்று மன்றாடிய பரிசேயரின் வழியிலேயே திரும்புகிறார்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம்; விருந்தினராகப் போகலாம். விருந்தினருக்கு முறைகள் உண்டு. மூன்று மணி நேரத்துக்குப் பதில் இரண்டு இரவுகளேனும் தங்குவது முதல் முறை. வீட்டைப் பிடுங்கி விடுதியாக்கிய இடத்தைத் தவிர்த்து, துறவற சபையினர் நடத்தும் விருந்தினர் இல்லங்களை நாடுவது இரண்டாவது. வார நாளில் ஒரு பங்கு ஆலயத்தில், பத்துப் பதினைந்து முதியவரோடு திருப்பலியில் அமர்வது மூன்றாவது. மொழி புரியாவிட்டாலும் சடங்கு புரியும். சமாதானம் கூறும் நேரத்தில் நீட்டிய கையை எவரும் தள்ளார். ரொட்டியையும் பழத்தையும் குடிமக்கள் வாங்கும் கடையில் வாங்குவது நான்காவது. அக்கடை பிழைத்தால் அத்தெரு பிழைக்கும். காயும் துணியையும் திறந்த சன்னலையும் படமெடுக்காதிருப்பது ஐந்தாவது. நம் வீட்டுக் கொடியை ஓர் அந்நியர் படமெடுத்தால் நாம் பொறுப்போமா?

பயண நிறுவனங்களுக்குத் திட்டம் வகுத்துத் தரும் நம் பங்குக் குழுவினரையும் வேண்டுகிறேன். நான்கு நாடு, பத்து நகர் என்று எண்ணிக்கையைப் பெருக்குவதை விடுங்கள். ஓரிரு நகர்களைக் குறையுங்கள். மிஞ்சியவற்றில் மனிதரைச் சந்திக்க நேரம் ஒதுக்குங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் மூன்று திருத்தந்தையரை வழங்கிய மறைமாவட்டம் வெனிஸ். அங்கே 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சென்றார். சதுக்கத்தில் திரண்ட மக்களுக்கு அன்று அவர் திருப்பலி நிறைவேற்றினார். கூட்டத்தை அவர் ஒதுக்கவில்லை. ஆனால், அன்று காலை அவர் முதலில் கால்வைத்த இடம் ஜூதெக்கா தீவிலுள்ள பெண்கள் சிறைச்சாலை. முன்னொரு காலத்தில் கன்னியர் மடமாயிருந்த அக்கட்டடத்தின் முற்றத்தில் அடைபட்ட பெண்களை அவர் சந்தித்தார். அதுவும் கூட்டமில்லாத மூலைதான். அங்கே அவர் தேடிப் போனது அமைதியை அன்று, பெண்களை. அந்த இளைஞன் மீண்டும் வெனிசுக்குச் செல்லும் நாளில், இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வானாக.