பெயரில் மட்டும் தோட்டம்

மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டுபோய் விடும் இடத்துக்கு இந்தியாவில் பல பெயர்கள் உண்டு. கிண்டர்கார்டன், பால்வாடி, அங்கன்வாடி. புதிய வரவு பால்வாடிகா. எல்லாவற்றிலும் ஒரு தோட்டம் ஒளிந்திருக்கிறது. எல்.கே.ஜி. என்பதன் கடைசி எழுத்துக்குத் தோட்டம் என்றுதான் பொருள். மராத்தியிலும் குஜராத்தியிலும் 'வாடி' என்றால் தோட்டம், தோப்பு. 'அங்கன்' என்பது முற்றம். ஆக, அங்கன்வாடி என்றால் முற்றத்துத் தோட்டம்.

தமிழுக்கு வந்தபோது இந்தத் தோட்டம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. விறகுவாடி, மரவாடி என்று பழகிய காதுக்கு வாடி என்றால் சரக்கு அடுக்கும் இடம். பால்வாடியோ பால் கொடுக்கும் இடம்போல ஒலித்தது. கிண்டர்கார்டனை மழலையர் பள்ளி என்று மொழிபெயர்த்தபோது தோட்டம் போய்ப் பள்ளி வந்து உட்கார்ந்தது. மொழிபெயர்ப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெயரில் தோட்டத்தை அப்படியே வைத்திருக்கும் மொழிகளிலும் குழந்தை உட்கார்ந்திருப்பது சிமென்ட் தரையில்தான். கையில் இருப்பது பென்சில்தான்.

பெயர் வைத்தவர் அதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. ஜெர்மனியின் பிரெடரிக் ஃப்ரீபெல் இளமையில் வனக் காவலர் ஒருவரிடம் தொழில் பழகியவர். 1837ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அவருடைய திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு. சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் குழந்தை விரும்பியதை விதைக்கலாம். கவனிக்காமல் விட்டால் வாடும், அதையும் பார்க்கலாம். பொதுப் பாத்தியை எல்லோரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். தனக்கென்று ஒன்று, எல்லோருக்கும் என்று ஒன்று - இந்த வித்தியாசத்தை மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். 1851ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அவை நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே ஃப்ரீபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860ல்தான்.

இந்தியாவில் இந்த விதையை முதலில் ஊன்றியவர்களில் ஒருவர் ஒரு வக்கீல். கிஜுபாய் பதேகா வழக்குமன்றத்தை விட்டுவிட்டு 1920ல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். குஜராத்தில் அவருக்கு 'மீசை வைத்த அம்மா' என்று செல்லப் பெயர். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். அங்கே அவருடன் சேர்ந்துகொண்டவர் அனுதாய் வாக்.

போர்டியில் பாடம் படித்தவர்கள் இவர்கள்தான். ஊருக்குள் நடத்திய பாலவாடிக்குத் தலித் குழந்தைகள் வரவில்லை. வராத குழந்தையைத் தேடிப் பள்ளி போனது. சேரியின் முற்றத்திலேயே பாடம் நடந்தது. தாராபாய் அதை அங்கன்வாடி என்றார். மான்டிசோரி கருவிகளை வாங்கக் கிராமத்தில் பணம் ஏது? கிளிஞ்சல், விதை, இலை, கூழாங்கல், ஓலை எல்லாம் கருவியாயின. பிறகு வார்லி ஆதிவாசிகள் வாழும் கோஸ்பாட் மலைக்கு இந்தப் பணி நகர்ந்தது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே ஒரு பள்ளி நடந்தது. தாராபாய்க்கு 1962ல் பத்மபூஷண் கிடைத்தது. அனுதாய்க்கு 1985ல் பத்மஸ்ரீ. இருவருக்கும் கிடைத்த பெரிய விருது வேறு: 1975 அக்டோபர் 2ம் தேதி 33 வட்டாரங்களில் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே நிலைத்தது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள்.

இதே சமயத்தில் சென்னையிலும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. 1939ல் அடையாறு வந்த மரியா மான்டிசோரி, போர் மூண்டுவிட்டதால் 1946 வரை திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். நடுவில் கொடைக்கானலில் வாசம். தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. குழந்தைக்குப் பொறுமையை யாரும் போதிக்க முடியாது. விதைத்துவிட்டுக் காத்திருக்கும்போது அது தானாக வருகிறது. தன்னை நம்பி ஒரு உயிர் இருக்கிறது, தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிவிடும் என்ற அறிவும் அப்படித்தான்.

இவ்வளவு பெரிய மரபு இருந்தும் நடப்பது என்ன? தனியார் நர்சரியில் மூன்று வயதுக் குழந்தை நான்கு கோடு நோட்டில் எழுத்துகளை வரைகிறது. அங்கன்வாடியில், இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது. 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டம், மூன்று முதல் ஆறு வயது வரை பாடப் புத்தகமே வேண்டாம் என்கிறது. புத்தகம் விற்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

தோட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊட்டச்சத்து இயக்கத்தின் பகுதியாக லட்சக்கணக்கான அங்கன்வாடிகளில் 'போஷண் வாடிகா' என்ற காய்கறித் தோட்டம் போடப்பட்டிருக்கிறது. முருங்கை, கீரை, பப்பாளி, கறிவேப்பிலை. நல்ல காரியம்தான். ஆனால் அது சமையலறையின் தோட்டம், வகுப்பறையின் தோட்டம் அல்ல. கணக்கில் வருவது எத்தனை மையங்களில் தோட்டம் இருக்கிறது என்பதுதான். எத்தனை குழந்தைகள் அதில் கை வைத்தார்கள் என்பதல்ல. வேலி போட்டு, பலகை மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு, குழந்தை உள்ளே நுழைந்தால் செடி மிதிபடும் என்ற கவலை வந்துவிடுகிறது. குழந்தைகளுக்காகப் போட்ட தோட்டத்தில் குழந்தைக்குத்தான் அனுமதி இல்லை.

மூன்று வயதுக் கைக்கு மண்ணில் என்ன கிடைக்கிறது? முதலில் விரல்கள். பென்சிலைப் பிடிக்கக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒத்துழைக்க வேண்டும். அதே மூன்று விரல்கள்தான் ஒரு ராஜ்மா விதையை எடுத்துக் குழியில் போடுகின்றன. ஈர மண்ணைப் பிசையும் கையில் வலு ஏறுகிறது. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய தயாரிப்பு இது; இதைத் தாண்டிவிட்டு எழுத வைத்தால் விரல் வலிக்கும், நோட்டின் மீது வெறுப்பும் வரும்.

அடுத்தது கணக்கு. பத்து விதை போட்டோம், ஏழு முளைத்தது. மூன்று எங்கே? கழித்தலுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. முளைக்காத மூன்றைத் தோண்டிப் பார்க்கும் குழந்தைக்கு, அழுகிய விதை ஒரு பதிலும் சொல்லும்: தண்ணீர் அதிகமாகிவிட்டது. மொழியும் இங்கேதான் வளர்கிறது. முளை, துளிர், தளிர், கொழுந்து, இலை, சருகு என்று தமிழில் ஒவ்வொரு பருவத்துக்கும் சொல் உண்டு. படத்தில் பார்த்து மனப்பாடம் செய்தால் இவை ஆறு சொற்கள். செடியில் பார்த்தால், ஒரு சொல் இன்னொன்றாக மாறுவதைக் கண்ணால் காணலாம்.

பிறகு அறிவியல். இரண்டு டப்பாவில் பச்சைப்பயறு விதைத்து ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைத்தால், ஒரு வாரத்தில் அலமாரிச் செடிதான் உயரமாக நிற்கும். வெளிறிப்போய், துவண்டு, வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கும். 'இருட்டில்தான் நன்றாக வளர்கிறது' என்று குழந்தை சொல்லும். சொல்லட்டும். உடனே திருத்த வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து இன்னும் சில நாள் பார்க்கச் சொன்னால் போதும். உயரம் வேறு, வளர்ச்சி வேறு என்று அதுவே கண்டுகொள்ளும்.

கடைசியாக நாக்கு. தட்டில் போட்டால் ஒதுக்கும் கீரையை, தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது என்றால் ஒரு வாயாவது சுவைத்துப் பார்க்கக் குழந்தைகள் தயாராகிறார்கள். ஊட்டச்சத்தின் கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு.

இடம் இல்லை என்பது வழக்கமான பதில். வாடகைக் கட்டடத்தில் ஒற்றை அறையில் நடக்கும் அங்கன்வாடிகள் நிறைய. மும்பையிலும் டெல்லியிலும் அடுக்கு மாடிக் குடும்பங்களுக்கு மண்ணே கிடையாது. ஆனால் இந்த வயதுக்கு ஏக்கர் தேவையில்லை. கண்ணாடித் தம்ளரில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ராஜ்மாவைச் செருகினால் வேர் இறங்குவது வெளியே தெரியும். விதையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேர் கீழேதான் போகும். அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் வெந்தயம் தூவினால் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் கிள்ளிப் பருப்பில் போடலாம். மூன்று வயதுக்குக் காலம் நீளமானது. அதனால் முதல் விதை சீக்கிரம் முளைப்பதாக இருக்க வேண்டும். கொத்துமல்லியும் கத்தரியும் பொறுமை கற்ற பிறகு. தண்ணீர் ஊற்றத் தேங்காய்ச் சிரட்டை போதும். அல்லது ஆணியால் துளையிட்டு, பிசிறைத் தட்டி மழுக்கிய டப்பா.

பருவமும் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம். டெல்லி, லக்னோ பக்கம் அக்டோபர், நவம்பரில் வெந்தயம், பாலக், முள்ளங்கி. மே மாத வெயிலில் நாற்று கருகும். மும்பையில் ஜூன் மழைக்குப் பிறகு வெண்டை. பெங்களூரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று.

எச்சரிக்கைகளும் உண்டு. சிறு விதைகளைக் குழந்தைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். ஈரத்தில் விதை உப்பிவிட்டால் டாக்டரிடம்தான் ஓட வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், விதையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி, ஊமத்தை ஆகியவை குழந்தைகள் நடமாடும் இடத்தில் இருக்கவே கூடாது, எல்லாம் விஷம். கடையில் விதைப்புக்கென்று விற்கும் விதையில் மருந்து பூசியிருக்கலாம். அடுக்களைப் பயறும் வெந்தயமும்தான் இந்தக் கைகளுக்கு ஏற்றவை. காலில் செருப்பு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், பூச்சி மருந்துக்கு முழுத் தடை.

இவற்றையெல்லாம் விடக் கடினமான ஒரு எதிர்ப்பு இருக்கிறது. அது பெற்றோரிடமிருந்து வருகிறது. கூலிக்கு நாற்று நடும் தாய், 'மண்ணைக் கிளற நாங்கள் இருக்கிறோமே, பிள்ளையாவது எழுதட்டும்' என்று சொன்னால் அதை அறியாமை என்று தள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாக மண்ணிலிருந்து வெளியேற முடியாதவர்களுக்கு எழுத்துதான் கதவு. வசதியான பள்ளி தோட்டம் போட்டால் அது புதுமுறைக் கல்வி. ஏழைப் பள்ளி போட்டால் பழைய வேலையே திரும்பி வருகிறதோ என்ற சந்தேகம். கைத்தொழிலை மையமாக்கி 1937ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதே சந்தேகத்தைச் சந்தித்தது.

இதற்குப் பேச்சில் பதில் சொல்லிப் பயனில்லை. நடத்தையில்தான் சொல்ல வேண்டும். குழந்தை தோட்டத்துக்கு உழைக்கக் கூடாது, தோட்டம்தான் குழந்தைக்கு உழைக்க வேண்டும். களை எடுப்பதும் குடம் சுமப்பதும் பெரியவர் வேலை. குழந்தைக்குத் தினம் பத்து நிமிடம் போதும்: பார்க்க, தொட, ஊற்ற, கேட்க. அதன் பிறகு, தான் பார்த்ததை அது ஒரு காகிதத்தில் வரையட்டும். நேற்று இரண்டு இலை, இன்று மூன்று. அந்தக் காகிதத்தை மாலையில் அம்மாவிடம் கொடுத்தனுப்பினால், மண்ணிலிருந்து எழுத்துக்குப் போகும் வழி அந்தத் தாய்க்கும் தெரியும். சொல்லப்போனால், விதை தேர்வதிலும் பருவம் பார்ப்பதிலும் அந்த அம்மாதான் நிபுணர். அங்கன்வாடிப் பணியாளருக்கு அவர் சொல்லித் தரலாம்.

பணியாளரையும் மறக்க முடியாது. எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, சத்துணவு, வீடு வீடாகச் செல்வது, 2021 முதல் செல்போனில் போஷண் டிராக்கர் பதிவு. இத்தனைக்கும் மதிப்பூதியம் என்றுதான் பெயர், சம்பளம் அல்ல. 2018ல் மத்திய அரசு தன் கணக்கில் உயர்த்திய தொகை மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. இந்த நிலையில் தோட்டத்தையும் தலையில் கட்டினால் அது இன்னொரு பதிவேடாகத்தான் முடியும். ஏதாவது ஒரு பதிவேட்டைக் குறைத்துவிட்டுத் தோட்டத்தைக் கொடுப்பதே நியாயம்.

மாவட்ட அதிகாரிகள் இனி தோட்டம் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 'எத்தனை செடி?' என்று பணியாளரிடம் கேட்பதை விட்டு, குந்தி உட்கார்ந்து ஒரு குழந்தையிடம், 'இதில் உன் செடி எது?' என்று கேட்கலாம். குழந்தை கையை நீட்டிக் காட்டினால் அது அங்கன்வாடி. காட்டாவிட்டால், போட்டோவில் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது வெறும் கீரைப் பாத்திதான்.