லீவ் லெட்டரைத் தாண்டி ஆங்கிலம்... மாணவர்களின் பிளாக் என்ன செய்யும்?

'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியை ஒப்பிப்பார்கள். பல் வலித்தாலும் காய்ச்சல்தான், பாட்டி ஊர் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல்தான். பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒரே காரணம் அதுதானே!

சிரித்து முடித்தபின் யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 12 வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள். கடிதம், கட்டுரை, பத்திச் சுருக்கம் என எல்லாம் எழுதுகிறார்கள். ஆனால், கல்லூரியில் முதல் நாள் 'உன்னைப் பற்றி ஐந்து வரி எழுது' என்றால் பலருக்குப் பேனா நகர்வதில்லை.

அறிவு குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. 12 வருடமாக அந்தப் பிள்ளையின் ஆங்கிலத்தைப் படித்தவர் ஆசிரியர் ஒருவர் மட்டும்தான். நோட்டுக் கட்டு குவிந்து கிடக்கும் நிலையில், அவராலும் பிழையைத்தான் தேட முடிந்தது. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று ஆர்வமாகக் கேட்க யாருமே இல்லாமல் ஒரு மொழியில் எழுதிப் பழகுவது கஷ்டம். மாணவர்களின் பிளாக் அந்த வாசகரைத்தான் வகுப்புக்குள் கொண்டுவருகிறது.

ஒன்பது வயதுச் சிறுமியின் மதிய உணவு

இதற்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. லாக்கில்ப்ஹெட் என்ற சிறிய ஊரில் படித்த மார்த்தா பெய்னுக்கு 2012-ல் வயது 9. தினமும் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அப்பாவின் உதவியோடு 'நெவர்செகண்ட்ஸ்' என்ற பிளாக்கைத் தொடங்கினார். பள்ளியில் அன்று கொடுத்த மதிய உணவைப் படம் எடுத்துப் போடுவார். கூடவே ருசிக்கு 10-க்கு எத்தனை மார்க், ஆரோக்கியத்துக்கு எத்தனை மார்க், எத்தனை வாய் சாப்பாடு, விலை என்ன, தலைமுடி கிடந்ததா என்று சில வரிகள். அவ்வளவுதான்!

தட்டில் ஒரு பீட்சா துண்டும், கட்லெட் மாதிரியான ஒரே ஒரு உருளைக்கிழங்கு குரோக்கெட்டும் இருந்த படம் பெரிதாகப் பேசப்பட்டது. மதியம் முழுக்கப் பாடத்தைக் கவனிக்க இது போதுமா என்பதுதான் மார்த்தாவின் கேள்வி. பிரபல சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பாராட்டினார். பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் பள்ளிச் சாப்பாட்டுப் படங்களை அனுப்பினார்கள். சாலட், பழம், ரொட்டியை மாணவர்கள் வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியிலும் தெரிவிக்கப்பட்டது.

பிறகு சிக்கல் வந்தது. பத்திரிகைகளில் வந்த செய்திகளால், சமையல் ஊழியர்கள் வேலை போய்விடுமோ என்று பயப்படுவதாகச் சொல்லி, ஆர்கைல் அண்ட் பியூட் கவுன்சில் 2012 ஜூன் மாதம் படம் எடுக்கத் தடை போட்டது. மார்த்தா வாசகர்களிடம் விடைபெற்று ஒரு பதிவு எழுதினார். எதிர்ப்பு கிளம்ப, மறுநாளே தடை நீங்கியது. 'மேரிஸ் மீல்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்துக்காக 7,000 பவுண்டு திரட்டுவதுதான் அவருடைய இலக்கு. சில நாள்களில் அது 1,00,000 பவுண்டைத் தாண்டியது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு பள்ளிக்குச் சமையலறையும் எழுந்தது.

இதில் ஆங்கில வகுப்புக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மார்த்தாவின் வாக்கியங்கள் மிகச் சின்னவை. ஆனால், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் அவற்றில் இருந்தது. இது முதல் பாடம். எழுதியதை ஒருவர் படித்துவிட்டால் அது யாரையாவது தொடும், சில நேரம் காயப்படுத்தவும் செய்யும் என்பது இரண்டாவது.

ஒரே ஒரு போன் இருந்தால்?

'எங்கள் வகுப்பில் 40 பேர், கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். ஆசிரியரின் ஒரு போனே போதும். பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வாரம் ஐந்து பேருடையதைத் தட்டச்சு செய்து வகுப்பு பிளாக்கில் போடலாம். மற்றவர்கள் துண்டுச் சீட்டில் கருத்து எழுதுவார்கள். எட்டு வாரத்தில் 40 பேருக்கும் ஒரு முறை வாசகர் கிடைத்துவிடுவார்.

எவ்வளவு எழுதுவது? இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை தொடங்கிய '100 வேர்ட் சேலஞ்ச்' இதற்கு வழி காட்டுகிறது. வாரம் ஒரு தலைப்பு, 100 சொல், முடிந்தது. தன்னார்வலர்கள் படித்துக் கருத்து சொன்னார்கள். தமிழ்வழி மாணவர்களுக்கு 50 சொல்லில்கூடத் தொடங்கலாம்.

தலைப்பில்தான் கவனம் வேண்டும். 'மை மதர்' என்று கொடுத்தால் நோட்ஸில் இருப்பதுதான் வரும். 'இன்று காலை உன் அம்மா கோபமாகச் சொன்ன ஒரு வாக்கியம்' என்று கேட்டால் நோட்ஸ் உதவாது!

கைகொடுக்கும் கருவிகள்

கூகுள் டாக்ஸில் நான்கு பேர் ஒரே பக்கத்தில் எழுதலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதன் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் தெரியும். பேட்லெட், ஆளுக்கொரு சீட்டு ஒட்டும் டிஜிட்டல் சுவர். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இரண்டு வரி எழுத நல்ல இடம்.

உச்சரிப்புக்கு, கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பு இரண்டையும் கேட்கலாம். 2019-ல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வந்து, பிறகு 'ரீட் அலாங்' ஆன கூகுளின் செயலி, சின்னப் பிள்ளைகள் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிறது. கதைகளைத் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். போனில் 'வாய்ஸ் டைப்பிங்'கும் நல்ல பயிற்சி. 'ஷீப்' என்று சொல்லி 'ஷிப்' என்று விழுந்தால், எங்கே இழுக்க வேண்டும் என்பது புரியும். அதே நேரம், இந்தியக் குரல்களைக் கருவி தவறாகக் கேட்பதும் உண்டு. அதை நீதிபதியாக ஆக்கிவிடக் கூடாது.

ஏ.ஐ. எழுதித் தந்தால்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா ஆசிரியருக்கும் இந்தக் கவலை இருக்கிறது. சந்தேகம் வந்தால் முன்வரைவைக் காட்டச் சொல்லலாம். எழுதியதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னாலும் தெரிந்துவிடும். அதைவிட நல்ல வழி, பிள்ளையின் தெருவில், வீட்டில், பள்ளி பஸ்ஸில் நடந்ததைக் கேட்பது. எதிர்வீட்டுத் தாத்தா ஏன் தினமும் பால்காரரோடு சண்டை போடுகிறார் என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எழுதி முடித்தபின், 'என் பிழைகளைக் காட்டு, ஆனால் மாற்றி எழுதாதே' என்று ஏ.ஐ.யிடம் கேட்டால் அது உதவியாளர். முதல் வரியையே அது எழுதினால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

பிழை திருத்துவதிலும் ஒரு நாகரிகம் வேண்டும். ஊர் பார்க்கும் பக்கத்தில் 'ஸ்பெல்லிங் தப்பு' என்று போட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதாது. திருத்தம் நோட்டில் தனியாக இருக்கட்டும். பிளாக்கில் வரும் கருத்துக்கு ஒரு விதி போதும்: பிடித்தது ஒன்று, கேள்வி ஒன்று.

பெற்றோர் கேட்க வேண்டியவை

* பக்கத்தை யாரெல்லாம் பார்க்கலாம்? பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் அனுமதித்தவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம்.
* முழுப்பெயர், பள்ளிச் சீருடைப் படம், வீட்டு முகவரி, போன் எண் எதுவும் வேண்டாம். புனைபெயரே நல்லது.
* கருத்துகள் ஆசிரியர் பார்த்த பிறகுதான் வெளியாக வேண்டும்.
* இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் குழந்தை. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பள்ளி எழுத்தில் அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள்.
* அடுத்தவரைப் பற்றி எழுதும்போது, அவர் படித்தால் வருந்துவாரா என்று ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் இதெல்லாம் இல்லையென்றாலும் வீட்டிலேயே தொடங்கலாம். ஞாயிறுதோறும் பிள்ளை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதி, சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பெறுபவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: இலக்கணம் திருத்தக் கூடாது, எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பதில் எழுதத்தான் ஆறாவது வரி வரும்.