பின்னோட்டப் பற்சக்கரமும் பந்தயக் காரும்

மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகளுள் மிகக் குறைந்த மதிப்பைப் பெற்றிருப்பது பின்னோட்டப் பற்சக்கரம். முன்னோக்கிச் செலுத்தும் சக்கரங்களுக்கு முதலாவது, இரண்டாவது என்று எண்ணும் வரிசையும் உண்டு. இதற்கு அவை இல்லை. பெட்டியை வரையும் பொறியாளர் மற்றவற்றையெல்லாம் இடம்பெறச் செய்த பின்னர், மிஞ்சிய மூலையில் இதனை அமர்த்துகிறார். சாலையில் ஓடும் சாதாரணக் காரில் இதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. பந்தயக் காரிலோ விளையக்கூடும். அக்கேடு காரை ஓட்டுபவரைவிட, பாதையோரத்தில் கொடி பிடித்து நிற்கும் காவலரையே முதலில் சாரும். இவ்வுறுப்பின் அமைப்பைத் திருத்தவேண்டும் என்று நான் கூறுவது அந்தக் காவலரை முன்னிட்டே.

மொழிபெயர்ப்பாளனுக்குப் பந்தயக் காரிடம் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். சொல் தேடப் போய்த்தான் இதற்குள் சிக்கினேன். பின்னோட்டத்தை உண்டாக்கும் நடுச் சக்கரத்தை ஆங்கிலத்தில் 'ஐட்லர்' என்பர். வேலையின்றிச் சோம்பியிருப்பது என்று பொருள். 'சோம்பற் சக்கரம்' என்று முதலில் எழுதினேன். பிறகு அதன் செயலைப் படித்தறிந்ததும் வெட்கப்பட்டு அதனை அடித்துவிட்டு, 'இடைச்சக்கரம்' என்று மாற்றினேன். வண்டியின் திசையையே மாற்றும் ஒன்றைச் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

அதன் செயலை ஆசிரியர்கள் மூன்று அட்டைச் சக்கரங்களைக் கொண்டே வகுப்பில் காட்டிவிடலாம். இரண்டு பற்சக்கரங்கள் கவ்விச் சுழலும்போது ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுழலும். அவற்றிற்கிடையே மூன்றாவது ஒன்றை நுழைத்தால், முதலாவதும் கடைசியும் ஒரே திசையில் சுழலத் தொடங்கும். வண்டி பின்னே செல்வதன் இரகசியம் இவ்வளவே. மாணவர் இங்கே வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு: இடைச்சக்கரத்தின் பற்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். செலுத்தும் சக்கரத்திற்கு 12 பற்களும், செலுத்தப்படும் சக்கரத்திற்கு 36 பற்களும் இருப்பின் விகிதம் 3-க்கு 1. இடைச்சக்கரத்திற்கு 20 பற்கள் இருந்தாலும் 25 இருந்தாலும் அவ்விகிதம் மாறாது. அது திசையை மாற்றுகிறதேயன்றி வேகத்தை மாற்றுவதில்லை.

குறை தொடங்குவது இதற்கப்பால்தான். இன்றைய சாலைக் கார்களின் முன்னோட்டச் சக்கரங்கள் சாய்ந்த பற்களுடன் எப்போதும் ஒன்றையொன்று கவ்வியே இருக்கும். கியரை மாற்றும்போது அவற்றின் வேகங்களை ஒன்றாக்கிச் சேர்த்துவைக்க 'சின்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு உண்டு. பின்னோட்டத்திற்குப் பெரும்பாலான சிக்கனப் பெட்டிகளில் இவ்வசதி இல்லை. நேர்ப்பற்களுடைய இடைச்சக்கரம் தண்டின் மீது நகர்ந்து வந்து, மற்ற இரண்டின் பற்களுக்கிடையே பக்கவாட்டில் நுழையவேண்டும். வண்டி பின்னே செல்கையில் எழும் அந்த ஊளையொலி நேர்ப்பற்களின் ஒலியே. நுழையும் வேளையில் பல்லின் முகப்புக்கு நேராகப் பல்லின் முகப்பு வந்து நின்றுவிட்டால் சக்கரம் நுழையாது. கிளச்சைச் சற்றே விட்டு, மீண்டும் மிதித்து, மறுபடி முயலவேண்டும். ஜீப்பும் டிராக்டரும் ஓட்டிப் பழகிய களப்பணியாளருக்கு இது புதிய செய்தியன்று.

பெங்களூர் ஜே.சி. சாலையில் பழைய உறுப்புகள் விற்கும் கடையொன்றில் பிரித்துப் போட்டிருந்த ஒரு பெட்டியைக் கண்டேன். இடைச்சக்கரத்தின் பற்களுடைய நடுப்பகுதி புதிதுபோல் இருந்தது. ஒருபக்க விளிம்பு மட்டும் எலி கொறித்ததுபோல் சிதைந்திருந்தது. "பின்னால போனதுல தேஞ்சது இல்லீங்க சார். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே போட்டதுல உடைஞ்சது" என்றார் கடைக்காரர். ஒரு பாடநூலில் நான்கு பக்கம் படித்ததைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் விளக்கியது. இவ்வுறுப்பு தேய்வது பயனால் அல்ல, அவசரத்தால்.

அவசரமே வாழ்வாக உள்ள இடம் பந்தயப் பாதை. அங்கே கார் தடம் புரண்டு திரும்பி நின்றுவிட்டால் ஓட்டுபவரின் நிலை யாது? தோளையும் இடுப்பையும் வார்கள் இறுக்கியிருக்கின்றன. தலைக்கவசத்தால் பின்னே திரும்பிப் பார்க்க இயலாது. கையுறை அணிந்த கையால் குறுகிய அறைக்குள் நெம்புகோலைத் தேடவேண்டும். பந்தயக் கிளச்சு மெல்ல வழுக்கிப் பற்றும் இயல்புடையதன்று, சட்டெனப் பற்றும். எஞ்சினின் சுழற்சியைத் தாங்கும் ஃபிளைவீல் என்னும் கனச்சக்கரத்தையும் எடை குறைப்பதற்காகச் செதுக்கியிருப்பார்கள். ஆகவே பின்னோட்டம் விழுந்தாலும் எஞ்சின் நின்றுபோவது எளிது. அவ்வாறு நின்றால், மார்ஷல் எனப்படும் பாதைக் காவலர் தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கித் தள்ளவேண்டும். அவர் ஊதியத்திற்கு வந்தவரல்லர். பெரும்பாலும் ஆர்வத்தால் வந்த தொண்டர்.

காவலரும் மீட்பு வண்டியும் பாதைக்குள் இறங்குவதன் விலை என்ன என்பதை உலகம் அறியும். 2013 ஜூன் 9 அன்று கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தின் முடிவில், செயலிழந்த காரொன்றை அகற்றிய மீட்பு வண்டியின் அடியில் சிக்கிப் பாதைக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசூகாவில், வேறொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த மீட்பு வண்டியின் மீது ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. அவர் நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் காலமானார். இவ்விரு கார்களையும் பின்னோட்டம் காப்பாற்றியிருக்கும் என்று நான் வாதிக்கவில்லை. அவை மோதிச் சேதமுற்றவை. ஆனால் சேதமின்றி, வெறுமனே தவறான திசையில் நின்றுவிட்ட காருக்காகவும் ஆட்களை உள்ளே அனுப்புவது வீண் துணிச்சலன்றோ?

சேதமுறாத கார் தானே மீளக்கூடும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று இத்தாலியின் இமோலாவில் லூயிஸ் ஹாமில்டன் வளைவில் வழுக்கிச் சரளைக்குள் சென்று தடுப்பருகே நின்றார். யாரும் தள்ளவில்லை. பின்னோட்டத்தில் போட்டு, சரளையினூடே மெல்ல மெல்லப் பின்வந்து பாதையை அடைந்தார். இறுதியில் இரண்டாம் இடமும் பெற்றார். ஃபார்முலா 1 விதிகள் காரில் பின்னோட்டம் இருந்தாகவேண்டும் எனப் பணித்திருப்பதன் பொருள் அன்று விளங்கியது.

எதிர்வாதமும் உண்டு, அதனை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. வசதி இருந்தால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதே அது. 1989-ல் போர்ச்சுகலின் எஸ்டோரில் பாதையில் நைஜல் மான்செல் தம் குழுவின் நிறுத்துமிடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டு, பணியாட்கள் நடமாடும் அப்பகுதியில் தாமே காரைப் பின்னே செலுத்தினார். அது விதிப்படி குற்றம். கறுப்புக் கொடி காட்டப்பட்டது; அவர் நிற்கவில்லை; அயர்ட்டன் சென்னாவின் காருடன் மோதினார். அபராதமும் அடுத்த பந்தயத்தில் கலந்துகொள்ளத் தடையும் பெற்றார். எனினும் குற்றம் பற்சக்கரத்தினுடையதன்று. இரண்டு தனிச் செயல்கள் இன்றி விழாதபடி பூட்டமைப்பதும், பாதையில் காவலரின் சைகையின்றிப் பின்செல்வதைத் தண்டிப்பதும் போதுமானவை.

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். சென்னைக்கருகே சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் பாதையாயிருந்தது போர்க்கால விமான ஓடுதளம். அதன் அகலத்தில் கார் சுழன்று நின்றாலும் முன்னோக்கியே வளைத்துத் திருப்பிக்கொள்ளலாம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதையும், 2003-ல் கோயம்புத்தூர் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயும் வந்தன. இவை பந்தயத்திற்கென்றே அமைந்தவை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளில் இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடைபெற்றது. நகரச் சாலைப் பந்தயத்தில் இருபுறமும் கான்கிரீட் சுவர். சுவரை நோக்கி மூக்கைக் கொடுத்து நின்ற காருக்கு முன்னே போக வழியில்லை. சோழவரத்தில் இல்லாமல் சமாளித்த ஒன்று இங்கே இன்றியமையாததாகிறது.

நம் சிக்கனப் பந்தயக் கார்கள் சாலைக் காரின் உறுப்புகளிலிருந்தே பிறந்தவை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார் மாருதி 800-ன் எஞ்சினால் ஓடியது. குறைந்த செலவில் பலரைப் பந்தயத்திற்குக் கொண்டுவந்த அம்முயற்சியை எவ்வளவு பாராட்டினும் தகும். ஆயினும் முன்புறத்திற்கென வடித்த எஞ்சினையும் பெட்டியையும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே வைக்கும்போது, கைநெம்புகோலிலிருந்து பெட்டிவரை நீண்ட கம்பிகளும் மூட்டுகளும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது தளர்ச்சி. எல்லாம் சேர்ந்தால் நெம்புகோலின் நுனியில் கணிசமான ஆட்டம். நெம்புகோல் செல்லும் தடங்களில் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கும் பின்னோட்டமே இதனால் முதலில் கைக்கு எட்டாமல் போவது. (இடம் மாற்றுவதில் வேடிக்கையும் உண்டு. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பெட்டியை எஞ்சினுக்குப் பின்னால் வரும்படி திருப்பி வைப்போர், அதனுள் கிரவுன் சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பொருத்த மறந்தால், அவர்களுக்குக் கிடைப்பது நான்கு பின்னோட்டமும் ஒரே ஒரு முன்னோட்டமும் கொண்ட கார்!)

பெங்களூரில் கார் கட்டும் இளைஞருக்குக் குறைவில்லை. ஆர்.வி. பொறியியற் கல்லூரியின் அஷ்வா குழு 2003 முதல் மாணவர் பந்தயக் கார்களைக் கட்டிவருகிறது. இத்தகைய போட்டிகளுக்கான பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினே பொருத்தப்படுகிறது. அதன் பெட்டியில் பின்னோட்டமே கிடையாது. மின்சாரக் கார்களிலோ மோட்டாரைத் திருப்பிச் சுழற்றிப் பின்செல்வதை ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகளே தடுத்துள்ளன. கூம்புகள் நட்ட குறுகிய பாதையில் மிதமான வேகத்தில் நடக்கும் போட்டிக்கு அது ஏற்றதே. ஆனால் நான்காண்டுகள் பின்னோட்டத்தை எண்ணாமலே பயின்ற மாணவர், வெளியே வந்து பெரிய கார் வரையும்போதும் அதை எண்ணுவதில்லை. விதியில் இல்லாதது பாடத்திலும் இல்லாமற் போகிறது. இதுவே என் மனக்குறை.

வழி இந்நகரத்திலேயே இருந்தது. 2001-ல் பெங்களூரிலிருந்து விற்பனைக்கு வந்த ரேவா மின்சாரக் காருக்குப் பின்னோட்டப் பற்சக்கரமே இல்லை. மோட்டாரின் சுழற்சியைத் திருப்பினால் போதும். 1988-ல் ஹோண்டா நிறுவனம் தன் பெரிய கோல்டு விங் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே பின்னகரச் செய்தது. 2019-ல் வெளிவந்த ஃபெராரி எஸ்.எஃப்.90 காரின் பெட்டியிலிருந்து பின்னோட்டச் சக்கரம் நீக்கப்பட்டு, முன்னச்சின் மின்மோட்டார்கள் அவ்வேலையை ஏற்றன. எடை குறைக்க விரும்புவோர் இதைக் காணவேண்டும்.

நம் சிறிய காருக்கு இது போதுமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவருடன் காரின் எடை 600 கிலோகிராம் என்றும், பின்செல்லும் வேகம் நடைவேகமாகிய நொடிக்கு 1 மீட்டர் என்றும் கொள்வோம். நல்ல தார்ப் பாதையில் உருளும் தடை எடையில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. தேவைப்படும் திறன் 100 வாட் அளவே. புல்தரையில் தடை பத்தில் ஒரு பங்கு என்றால் 600 வாட். ஆழ்ந்த தளர்சரளையில் நான்கில் ஒரு பங்கு எனக் கொண்டால் சுமார் 1,500 வாட். சிறிய காரின் ஸ்டார்ட்டர் ஒரு கிலோவாட் அளவினது. அதுவும் நெடுநேரம் ஓடினால் சூடேறிக் கெடும். எனவே நகரச் சாலைப் பந்தயத்திற்கு ஸ்டார்ட்டரால் இயங்கும் பின்னோட்டம் தாராளமாகப் போதும். புல்தரையையும் ஒருவாறு கடக்கலாம். சரளையினின்று மீள எஞ்சினின் வலிமையே வேண்டும். ஹாமில்டனை மீட்டது அதுதான். சரளைப் பள்ளங்கள் உள்ள பாதைகளில் ஓடும் காருக்குப் பற்சக்கரத்தையே வைத்துக்கொண்டு, பற்களின் நுழைமுகத்தைச் சரிவாகச் செதுக்கி, கம்பி மூட்டுகளைக் குறைத்து, நெம்புகோலில் தூக்கிப் போடும் பூட்டு அமைப்பதே தக்கது. இரண்டிற்கும் ஒரே விடை தேடுவது வீண்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதனை அளக்கும் முறை ஒன்றே. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, உரிமம் கேட்பவர் குறுகிய இடைவெளிக்குள் வண்டியைப் பின்னே செலுத்திக் காட்டவேண்டும். பந்தயத்திற்கு முந்திய தணிக்கையிலும் இதனைச் சேர்க்கவேண்டும் என்பது என் யோசனை. ஓட்டுபவர் வார் இறுக்கி, கவசமும் கையுறையும் அணிந்து அமரட்டும். எஞ்சினை அணைத்த நிலையிலிருந்து தொடங்கி, கார் தன் நீள அளவு பின்னே வந்து, மீண்டும் முன்னே புறப்படும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளக்கலாம். எத்தனை நொடி அனுமதிப்பது என்பதை நிபுணர்கள் தீர்மானிக்கட்டும். பாதைக் காவலர்களையும் அக்குழுவில் அமர்த்தவேண்டும்.

ஜே.சி. சாலையில் கண்ட அந்த இடைச்சக்கரத்தை நான் விலைக்கு வாங்கி வந்தேன். அதை ஆசிரிய நண்பர் ஒருவர் தம் வகுப்பிற்கு எடுத்துச் சென்றார். அட்டைச் சக்கரங்களால் திசைமாற்றத்தைக் காட்டிய பின், சிதைந்த விளிம்பைத் தடவிப் பார்க்கும்படி இதனை மாணவரிடம் கொடுக்கிறாராம். இன்னும் திருப்பித் தரவில்லை.