உப்பு, எண்ணெய், ஏணி

எழுத்தையும் தர்மத்தையும் ஒரே மூச்சில் குழந்தைக்குப் புகட்டிவிட வேண்டும் என்ற ஆசை எந்த ஒரு மதத்துக்கும் உரிய தனிச் சொத்தன்று. திண்ணைப் பள்ளியின் மணலில் விரலை ஊன்றி எழுதிக்கொண்டே ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் உரக்கச் சொன்ன பிள்ளைகளின் பரம்பரையில் வந்தவர்கள் நாம். பாரதியாரும் புதிய நீதி சொல்ல நினைத்தபோது அந்தப் பழைய அகரவரிசையைத்தான் கையில் எடுத்தார். ஆகையால் வேதாகமக் கதைகளை எழுத்து வரிசையில் கற்பிக்கும் முயற்சியைக் கிறிஸ்தவர் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடாமல், எழுத்தறிவிக்கும் கலையைச் சேர்ந்த ஒரு பிரச்சினையாகவே எல்லோரும் கவனிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஓய்வுநாள் பள்ளி ஒன்றின் சுவரில் ஒரு படத்தாள் தொங்கக் கண்டேன். ஆங்கிலத்து முதல் எழுத்துக்கு ஆதாம், இரண்டாவதற்குப் பெத்லகேம், கடைசி எழுத்துக்கு அத்திமரத்தில் ஏறிய சகேயு. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரை மட்டும் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'டி' எழுத்துக்கு வந்த டேவிட் தமிழில் தாவீதாகி நின்றார். 'ஜே' எழுத்துக்கு வந்த ஜோசப் யோசேப்பாகிவிட்டார். வரிசை ஆங்கிலேயனுடையது, பெயர் தமிழனுடையது. இதைப் பார்த்துக் குழந்தை ஆங்கில எழுத்தையும் கற்காது, தமிழ் எழுத்தையும் கற்காது. கதையோ அந்தத் தாளில் முதலிலிருந்தே இல்லை.

எழுத்து வரிசை மொழிபெயர்ப்பில் பிழைக்காது என்பதற்கு வேதாகமமே சாட்சி. 119-ஆம் சங்கீதம் எபிரேய மூலத்தில் 22 எழுத்துக்களுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக, அந்தந்த எழுத்திலேயே தொடங்கும் 176 வசனங்களால் ஆனது. தமிழில் அந்த 176 வசனங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வரிசை மட்டும் வழியிலேயே நின்றுவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. வேறொரு மொழியின் எழுத்துச் சங்கிலியில் கோத்த மணியை எடுத்து நம் சங்கிலியில் அப்படியே கோக்க எந்தப் பண்டிதராலும் ஆகாது. ஆனால் அந்த எபிரேய எழுத்துக்களின் பெயர்களில் ஒரு விசேஷம் உண்டு. ஆலெப் என்றால் எருது, பேத் என்றால் வீடு, தாலெத் கதவு, மேம் நீர், ஆயின் கண். பெத்லகேம் என்ற பெயரின் தலைப்பில் இருப்பது அந்த வீடுதான். 'அப்பத்தின் வீடு' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அந்த மொழியில் எழுத்தைச் சொன்னாலே கண்ணெதிரில் உள்ள ஒரு பொருளைச் சொன்னதாகிவிடும்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தத் துறையில் செய்த பிரயாசைக்குப் புகழ்பெற்ற உதாரணம், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் பாஸ்டன் நகரில் வெளியிட்ட 'நியூ இங்கிலாந்து பிரைமர்'. எழுத்துக்கு ஒரு சிறு மரச்செதுக்குப் படம், பக்கத்தில் எதுகை சேர்ந்த ஒரு பாட்டு. முதல் எழுத்திலேயே ஆதாமின் வீழ்ச்சியும் அதனால் மனிதகுலம் முழுவதும் அடைந்த பாவமும் வந்துவிடுகின்றன. அ எழுதப் பழகும் கை அதற்குள் பாவியின் கையாகிவிடுகிறது! 'யூ' எழுத்துக்கு உரியாவைத் தேடிப் பிடித்தார்கள். அவன் மனைவியின் மேல் மோகங்கொண்டு தாவீது அவன் உயிருக்கு உலை வைத்த விருத்தாந்தம் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாடமாயிற்று. 'எக்ஸ்' எழுத்துக்கு ஆள் அகப்படாமல் பாரசீக மன்னன் செர்க்ஸஸை அழைத்து வந்தார்கள். எஸ்தர் கதையில் அகாஸ்வேரு என்று வரும் அரசன் அவனே என்பது அறிஞர் பலருடைய கருத்து. அப்படியானால் அவன் நம் ஊருக்கு வரும்போது 'எக்ஸ்' எழுத்தை விட்டிறங்கி அகரத்தில் ஏறிக்கொள்கிறான். எந்தக் கதை குழந்தைக்கு ஏற்றது என்று பெரியவர்கள் யோசித்துத் தீர்மானிக்க வேண்டியிருக்க, அந்த அதிகாரத்தை எழுத்தின் கையில் கொடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் நாட்டில் இதற்கு மாறான சரித்திரம் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் உபாத்தியாயரையும் பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே வருஷத்தில் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். போதிக்க வந்தவர் முதலில் இந்த மண்ணின் அகரவரிசைக்கு மாணாக்கரானார். சுவரில் தாள் ஒட்டுகிறவர்கள் இந்த ஒன்றையாவது அவரிடம் கற்றிருக்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான்: எழுத்துக்குப் பெயரைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள். ஆகாரத்துக்கு ஆடு: நூற்றில் ஒன்று தொலைந்துபோன ஆடு. இகரத்துக்கு இலை, நோவாவின் புறா கொத்திவந்தது. ஏகாரத்துக்கு யாக்கோபு கனவில் கண்ட ஏணி. ஒகரத்துக்கு ரெபெக்காள் தண்ணீர் வார்த்த ஒட்டகம். எகரத்துக்கு ஏழை விதவையின் குடத்தில் வற்றாத எண்ணெய். ஐகாரத்துக்கு ஐந்து அப்பம். ஊகாரத்துக்கு ஊற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆபிரகாம் பிறந்த பட்டணத்தின் பெயரே 'ஊர்' என்பது தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த எதிர்பாராத வரப்பிரசாதம். ஔகாரத்துக்கு, நல்ல சமாரியன் காயத்தில் வார்த்த ஔடதத்தை விட்டால் வேறு கதி இல்லை. ஔவையாரை அழைத்தால் மறுக்காமல் வருவார், கதைதான் கூட வராது.

பெயர் வரிசையில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. அதில் இடம் பிடிக்க ஒருவனுக்குப் பெயர் இருக்க வேண்டும். எண்ணெய்க் குடத்து விதவைக்கு வேதாகமத்தில் பெயர் இல்லை. ஐந்து வாற்கோதுமை அப்பங்களைக் கையில் வைத்திருந்த பையனுக்குப் பெயர் இல்லை. சமாரியனுக்கும் இல்லை, நாகமானின் வீட்டில் அடிமையாயிருந்து அவன் குஷ்டத்துக்கு வழி சொன்ன சிறுமிக்கும் இல்லை. ராஜாக்களும் தீர்க்கதரிசிகளும் எழுத்துக்கு ஒருவராக வந்து சம்பிரமமாக நின்றுவிட, குழந்தையின் மனத்துக்கு மிகவும் நெருங்கிய இந்த மனிதர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். பொருளின் வழியே போனால் அவர்கள் உள்ளே வந்துவிடலாம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை அடுத்த ஒரு சிற்றூரில் சில காலம் ஓய்வுநாள் பள்ளி நடத்திய அனுபவம் எனக்கு உண்டு. உகரம் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு பிடி கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்ப் பாயின் நடுவில் கொட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் எழுத்தை எழுதிவிட்டு, பட்டணம் தீப்பற்றி எரியத் திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவியின் கதையைச் சொன்னேன். கீழ்ப்படியாமையின் பலன் என்று வழக்கமான பாடத்துக்கு வருவதற்குள், உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் தாயின் மகளான ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கவலையோடு கேட்டாள்: "சார், மழ பெய்ஞ்சா அந்தம்மா கரைஞ்சு போயிருவாவளா?"

ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும் என்பதும், குவித்த அம்பாரம் மழையில் என்னவாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையன், வாயில் இருந்த உப்பைத் துப்பாமலே, அவளைத் தேற்றினான்.

"அதெல்லாம் கரைய மாட்டாவ. ஓலை போட்டு மூடிருப்பாவ."